நாம் பூமிக்குள் விடும் மழைநீர் பக்கத்து போர்வெல்லுக்குப் போய்விடுமா?

கேள்வியைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 24 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டை மாடி சுமார் 6,000 சதுர அடி. மழைநீர் சேகரிப்பைப் புதுப்பிக்க ஒப்பந்தக்காரர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். சங்கக் கூட்டத்தில் இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவர், "நாம் காசு போட்டு உள்ளே இறக்கும் தண்ணீரைப் பக்கத்துக் கட்டடத்து போர்வெல் இழுத்துக்கொண்டு போகும்" என்கிறார். இன்னொருவர், "நாட்டுத் தண்ணீரில் பெரும்பங்கு வயலுக்கும் தொழிற்சாலைக்கும் போகிறது, நாம் குழாயை இறுக்கி மூடி என்ன ஆகப்போகிறது" என்கிறார். செலவு செய்யலாமா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இருக்கும் கேள்வி, ஊரில் எவரும் செய்யாதபோது நாம் மட்டும் செய்தால் ஏமாளி ஆகிவிடுவோமா என்பது. இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் கட்டடப் பொறியாளர். பழைய குடியிருப்புகளில் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் வேலையைத்தான் பல வருடங்களாகச் செய்கிறேன். தண்ணீரின் வேதியியல் என் துறை இல்லை, அதனால் தரத்தைப் பற்றிக் குறைவாகவே சொல்வேன்.

முதலில் கணக்கு, ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் மாடி ஏறக்குறைய 557 சதுர மீட்டர். சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1,400 மி.மீ. அளவுக்கு மழை. பெருக்கினால் 7.8 லட்சம் லிட்டர் வருகிறது. தரை உறிஞ்சுவது, வெயிலில் காய்வது, முதல் மழையில் வெளியே விடுவது எல்லாம் போக 80 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால் ஆறு லட்சத்துச் சொச்சம். 12,000 லிட்டர் லாரியில் சுமார் 50 லோடு. உங்கள் குடியிருப்பில் 84 பேர் இருப்பதாகக் கொண்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற திட்ட அளவை வைத்துப் பார்த்தால், உங்கள் தேவையில் ஏறக்குறைய 55 நாள். ஆக, மாடி மழையை மட்டும் நம்பி வருடம் முழுக்க ஓட்ட முடியாது. அப்படிச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். ஆனால் 50 லோடு என்பது சாதாரண விஷயமும் இல்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டுபோய் ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்களே, அந்த ரயில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் கொண்டு வந்தது. உங்களுடையதைப் போன்ற நான்கு மாடிகள் ஒரு வருடத்தில் சாக்கடைக்கு அனுப்புவது அந்த ஒரு நடை.

அப்படியானால் ஏற்கெனவே இருக்கும் அமைப்பு ஏன் வேலை செய்யவில்லை? 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தது. நல்ல காரியம்தான். சில மாதக் கெடுவுக்குள் முடித்தாக வேண்டும் என்றதால், ஊர் முழுக்க ஒரே மாதிரி குழி வெட்டினார்கள்: மூன்றுக்கு மூன்று அடி, ஆழம் ஐந்தடி, உள்ளே ஜல்லி. அந்தக் குழியின் கொள்ளளவு 1,270 லிட்டர். ஜல்லி நிரப்பியதும் இடுக்குகளில் நிற்கக்கூடியது 500 லிட்டர்தான். வடகிழக்குப் பருவமழையில் ஒரு மணி நேரத்துக்கு 50 மி.மீ. கொட்டினால் உங்கள் மாடியிலிருந்து இறங்குவது 28,000 லிட்டர். ஒரு நிமிடம் சொச்சத்தில் குழி நிறைந்துவிடும். மீதியெல்லாம் தெருவுக்கு. அதுவும் குழி புதிதாக இருந்தபோது. கடப்பாரையால் சிலாபைத் தூக்கிப் பார்த்தீர்களானால், மேலே அரையடிக்குக் கறுப்பாகக் களி போல வண்டல், அதில் மக்கிய இலை, பால் கவர், பழைய பெயிண்ட் சுரண்டல். அதற்குக் கீழே ஜல்லி பளபளவென்று காய்ந்து கிடக்கும். தண்ணீர் அதுவரை போகவே இல்லை என்று அர்த்தம். பெரும்பாலான குடியிருப்புகளில் நான் பார்ப்பது இதுதான். உங்கள் ஒப்பந்தக்காரர் இதே குழியைத் தூர்வாரி ஜல்லி மாற்றித் தருவதற்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார் என்றால், என் பதில் வேண்டாம்.

வேண்டியது உறை (காங்கிரீட் வளையம்) இறக்கிய கிணறு. நாலடி விட்டம், பதினைந்து அடி ஆழம் என்றால் உள்ளே 5,000 லிட்டருக்கு மேல் நிற்கும். உறைகளில் ஓட்டை இருக்க வேண்டும், அடியில் காங்கிரீட் போடக் கூடாது, உள்ளே ஜல்லியும் நிரப்பக் கூடாது. காலியாக இருந்தால்தான் தண்ணீர் நிற்க இடம் இருக்கும், இறங்கித் தூர்வாரவும் முடியும். மழைக் குழாய் நேராக அதில் விழாமல் ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக வர வேண்டும். அந்தத் தொட்டியைத் தீபாவளிக்கு முன்னால் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை சுத்தம் செய்யும் ஆள் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யாவிட்டால், எவ்வளவு நல்ல கிணறும் மூன்று வருடத்தில் பழைய குழியின் கதிக்கு வந்துவிடும். வளாகத்தில் பழைய திறந்த கிணறு இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடுவதைவிட மலிவான, பலன் உறுதியான வழி எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் கிணற்றில்தான் பல குடியிருப்புகள் குப்பை போட்டு மூடி, மேலே கார் நிறுத்துகிறார்கள்.

எந்தப் பகுதி என்று நீங்கள் சொல்லவில்லை. பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரை ஓரம் மணல். ஊற்றியது உடனே இறங்கும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் பக்கம் களிமண். மேலாகத் தோண்டினால் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும், கொசு வரும். அங்கே களியைத் தாண்டி மணல் கலந்த அடுக்கு வரும்வரை கிணற்றுக்குள் இன்னொரு சிறு துளை போட்டு இறக்க வேண்டும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் பாறை மேலேயே வந்துவிடும். அங்கே கிணற்றின் ஆழத்தைப் பாறைதான் முடிவு செய்யும். இதையெல்லாம் வரைபடத்தில் பார்த்து முடிவு செய்யாமல் நீங்களே சோதிக்கலாம். தோண்டிய குழியில் தண்ணீரை நிரப்புங்கள், சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள், ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று டேப்பால் அளந்து பாருங்கள். முதல்முறை காய்ந்த மண் குடித்துவிடும் என்பதால் இரண்டாவது முறை வரும் அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் விலை சொல்லும் ஒப்பந்தக்காரர் உங்கள் மண்ணைப் பார்க்காமலேயே விலை சொல்கிறார்.

இப்போது பக்கத்து வீட்டு போர். உங்கள் சங்கத்து நண்பர் சொல்வது முழுப் பொய் இல்லை. மண்ணுக்குள் வேலி கிடையாது. ஆனால் தண்ணீர் அவர் நினைக்கிற வேகத்தில் ஓடுவதும் கிடையாது. மேலடுக்கு மண்ணில் அது மிக மெதுவாக நகரும். களிமண் என்றால் நகர்வதே பெரிய விஷயம். கிணற்றில் இறக்கிய தண்ணீர் முதலில் உங்கள் அடியிலேயே மேடுபோலத் தங்கி, பிறகுதான் சுற்றிலும் பரவும். அதனால் உங்கள் வளாகத்தில் இருபது முப்பது அடி ஆழத் திறந்த கிணறு இருந்தால் அதில் மட்டம் ஏறும், அதை உறுதியாகச் சொல்லலாம். பக்கத்து வளாகத்தின் 300 அடி போர் இழுப்பது பெரும்பாலும் பாறை வெடிப்புகளில் தூரத்திலிருந்து வரும் தண்ணீரை. உங்கள் மழை அதற்குப் போய்ச் சேரலாம், சேராமலும் போகலாம். அதே காரணத்தால் உங்கள் சொந்த ஆழ்துளைக் கிணறும் இந்த வருடமே பெருகிவிடும் என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது. போருக்குள்ளேயே நேராக மழைநீரை விடலாமா என்று சிலர் கேட்பார்கள். சரியான வடிகட்டி இல்லாமல் செய்தால் ஆழத்து நீரையே கெடுத்துவிடுவீர்கள், நான் செய்து தருவதில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஓடும் தண்ணீரை எண்ணெயும் அழுக்குமாகக் கிணற்றில் விடுவதும் வேண்டாம், மாடித் தண்ணீர் மட்டும் போதும்.

கடற்கரைப் பக்கம் விஷயம் இன்னும் கூர்மையாக இருக்கும். அங்கே நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், அதன் கனத்தில் கீழே சுமார் 40 அடிவரை உப்பு நீர் தள்ளி வைக்கப்படும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தலைகீழாகப் பாருங்கள்: மேலே ஓர் அடி குறைந்தால், நாளடைவில் கீழே 40 அடிக்கு உப்பு ஏறும். நிஜ மண்ணில் கணக்கு இவ்வளவு சுத்தமாக நடக்காது, ஆனால் போக்கு அதுதான். தெருவில் ஒரு குடியிருப்பு இரவு பகலாக லாரிக்கு இறைத்து விற்றால், உப்பு வருவது அந்தக் குடியிருப்புக்கு மட்டும் இல்லை. வடக்கே மீஞ்சூரில் நகரத்துக்கும் ஆலைக்கும் வயலுக்குமாக எல்லோரும் இறைத்ததில் 1960-களின் இறுதியிலேயே கடல் நீர் உள்ளே வந்தது பதிவாகியிருக்கிறது. பிறகு அது மைல்கணக்கில் உள்ளே போயிற்று. அப்போது அளவாக இறைத்த விவசாயியின் கிணறும்தான் போயிற்று.

இதில் சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். 1882-ம் வருடத்து ஈஸ்மென்ட் (நிலத்தின் மேலான அனுபவ உரிமை) சட்டத்தின்படி, தன் நிலத்துக்கு அடியில் குறிப்பிட்ட கால்வாயாக ஓடாத தண்ணீரை எடுத்துக்கொள்வது நில உரிமையாளரின் உரிமை. ஆங்கிலேயர் காலத்து இந்த யோசனையின் மேல்தான் இன்றும் நிற்கிறோம். சென்னைப் பெருநகருக்கு 1987-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. கிணறு வெட்டவும் தண்ணீரை லாரியில் கொண்டுபோகவும் அனுமதி வேண்டும் என்கிறது. மாநிலம் முழுவதற்கும் 2003-ல் நிலத்தடி நீருக்கென ஒரு சட்டம் இயற்றி, நடைமுறைக்கே கொண்டு வராமல் 2013-ல் ரத்து செய்தார்கள். ஆகவே சொந்த வீட்டு உபயோகத்துக்கு இறைக்கும் பக்கத்து வீட்டுக்காரரைச் சட்டத்தைக் காட்டி நிறுத்துவது கடினம். பேசித்தான் ஆக வேண்டும். நான் வேலை செய்த ஒரு தெருவில் நான்கு குடியிருப்புகள் ஒரு எளிய ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாதம் ஒருமுறை எல்லாக் கிணறுகளிலும் கயிறு விட்டு மட்டத்தை அளந்து ஒரே வாட்ஸ்அப் குழுவில் போடுவது, கோடையில் மோட்டார் நேரத்தைக் குறைப்பது. அபராதம், ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லை. எண்கள் எல்லோர் கண்ணிலும் படுவதே ஓரளவு வேலை செய்தது. இது எல்லாத் தெருவிலும் எடுபடும் என்று சொல்லமாட்டேன்.

பழைய ஊர்களில் இதற்கு அமைப்பே இருந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதி இருக்கிறது. ஏரியில் தண்ணீர் குறைந்த வருடம் யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று, நீர்க்கட்டி எனப்படும் ஊர்ப் பணியாளர் முறை வைத்துத் திறந்துவிடுவார். இதைச் சொல்லி உருகுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: பல ஊர்களில் மடையைத் திறந்து மூடியவருக்குச் சொந்தமாக வயல் கிடையாது, ஏரிக்கரையில் வேலை செய்தவர்களுக்குத் தண்ணீரில் பங்கும் கிடையாது. முறை இருந்தது, சமம் இருக்கவில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை.

விவசாயம் பற்றிய வாதத்துக்கு வருகிறேன். எண் சரிதான். உலகில் எடுக்கப்படும் நன்னீரில் சுமார் 70 சதவீதம் விவசாயத்துக்கு, இந்தியாவில் 80 சதவீதத்துக்கும் மேல். நெல்லில் மட்டும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் பெரிய அளவு மிச்சமாகும். வயலில் ஓட்டை போட்ட ஒரு அடி பிளாஸ்டிக் குழாயைப் பாதி புதைத்து வைத்து, உள்ளே தண்ணீர் தரைக்குக் கீழே அரையடி இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் விட்டால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தொழில்நுட்பம் இவ்வளவுதான். ஆனாலும் பரவலாக நடக்கவில்லை. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், அது எப்போது வரும் என்பது நிச்சயமில்லை, வரும்போது போட்டுவிட்டு வருவதுதான் புத்திசாலித்தனம். நெல்லுக்குக் கொள்முதல் நிலையம் இருக்கிறது, கேழ்வரகுக்கு அது சில மாவட்டங்களில்தான் உண்டு. விவசாயியைத் திட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் யோசிக்க வேண்டும்.

ஆனால் தேசியக் கணக்கைக் காட்டி உங்கள் குடியிருப்பு தப்பிக்க முடியாது. காரணம், சென்னைக்கு வரும் தனியார் லாரித் தண்ணீரில் பெரும்பகுதி புறநகர் கிராமங்களின் விவசாயக் கிணறுகளிலிருந்துதான் வருகிறது. வறட்சியில் திருவள்ளூர் மாவட்ட விவசாயிகளின் கிணறுகளை மெட்ரோ வாட்டரே (சென்னைக் குடிநீர் வாரியம்) வாடகைக்கு எடுத்திருக்கிறது. ஆக, உங்கள் வீட்டில் மிச்சமாகும் தண்ணீர் "நாட்டுத் தண்ணீர்" என்ற பெருங்கடலில் கரைவதில்லை. குறிப்பிட்ட சில கிராமங்களின் கிணற்றில் நிற்கிறது. தொழிற்சாலை விஷயத்திலோ நிலைமை கொஞ்சம் மாறிவிட்டது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-ல் வந்த நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பும் திறன் உள்ளவை. நீங்கள் பயன்படுத்துவதில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று வைத்துத்தான் சாக்கடையே வடிவமைக்கிறோம். உங்கள் குளியலறைத் தண்ணீரில் ஆலை ஓடுவது நடக்கக்கூடிய காரியம், நடந்துகொண்டும் இருக்கிறது.

சந்தேகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். 2003 மழைநீர் சேகரிப்புச் சட்டத்தால் சென்னையின் நிலத்தடி நீர் மட்டம் இத்தனை அடி உயர்ந்தது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2003-04 கடும் வறட்சி, 2005-ல் அடைமழை. மட்டம் ஏறியதில் மழைக்கு எவ்வளவு, குழிக்கு எவ்வளவு என்று பிரிப்பது லேசில்லை. பலன் இருந்தது என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் ஓர் எண்ணைச் சொல்லி வாதாடமாட்டேன். சங்கக் கூட்டத்தில் நீங்களும் அந்த எண்ணை நம்பிப் பேச வேண்டாம். மேலே போட்ட மாடிக் கணக்கு போதும்.

என் கையில் ஒன்றரை லட்சம் இருந்தால் முதல் ரூபாயைக் கிணற்றில் போடமாட்டேன். கட்டடத்துக்குள்ளேயே எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்ப்பேன். இரவு பன்னிரண்டு மணிக்கு மேல்தொட்டியில் மட்டத்தைக் குறித்து, மோட்டார் போடாமல், காலை நாலு மணிக்கு மறுபடி பாருங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் கணிசமாக இறங்கியிருந்தால் அது ஒழுகல். பெரும்பாலும் குற்றவாளி கழிப்பறை ஃபிளஷ் தொட்டி. தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் மஞ்சள் தெரிந்தால் வாஷர் போய்விட்டது. நிமிடத்துக்கு ஒரு டம்ளர் ஒழுகினாலே நாளைக்கு 288 லிட்டர், அதாவது இரண்டு பேருக்கான தண்ணீர். வாஷர் விலை சில நூறு ரூபாய்க்குள். அடுத்து மேல்தொட்டி நிறைந்ததும் தானாக மோட்டாரை நிறுத்தும் சென்சார். வாட்ச்மேன் மோட்டாரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாத குடியிருப்பு எது? ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அதைப் பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளலாம், செடிக்கு மட்டும் தொடர்ந்து ஊற்ற வேண்டாம், உப்பு சேரும்.

அப்புறம் மீட்டர். தண்ணீர்ச் செலவை 24 வீடும் சமமாகப் பங்கிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். தனியாக இருக்கும் பாட்டியும் ஆறு பேர் வீடும் ஒரே தொகை கட்டினால், மிச்சம் பிடிப்பவர்தான் ஏமாளி. உங்கள் நண்பர் பக்கத்துக் கட்டடத்தின் மேல் வைக்கும் புகார் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே நடக்கிறது. வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்த குடியிருப்புகளில் முதல் சில மாதங்களிலேயே பயன்பாடு குறைவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குறைவு பல வருடம் நிற்குமா என்பது கட்டணத்தைப் பொறுத்தது. பழைய கட்டடத்தில் ஒரு சிக்கல் உண்டு: சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு குளியலறைக்கும் ஒரு குழாய் என்று மேல்தொட்டியிலிருந்து வீட்டுக்கு மூன்று நான்கு வழிகள் இறங்கும். அதனால் ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர் தேவைப்படும், செலவு ஏறும். முடியாவிட்டால் குறைந்தது சம்புக்குள் (தரையடித் தொட்டி) வரும் மெட்ரோ வாட்டர், லாரி, போர் மூன்றுக்கும் தனித்தனி மீட்டர் வைத்து, மாதக் கணக்கை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுங்கள். அதில் மிஞ்சும் பணத்தில் உறைக் கிணறு.

இவ்வளவும் பொதுவாகச் சொன்னது. எந்தப் பகுதி, வளாகத்தில் பழைய கிணறு இருக்கிறதா, போர் எத்தனை அடி, எத்தனை மழைக் குழாய்கள் மாடியிலிருந்து இறங்குகின்றன என்று எழுதினால் கிணறு எங்கே, எத்தனை என்று குறிப்பாகச் சொல்கிறேன். ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போடுங்கள். பருவமழைக்கு முன் தோண்டி முடிக்க வேண்டும் என்பதால் ஆகஸ்டுக்குள் எழுதினால் நல்லது.